கை எடுத்துட்டேன்

வேறொருவர் கீபோர்டில் கை வைத்திருந்தால் சாமி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கடை அவருடையது. கம்ப்யூட்டர் அவருடையது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட அவர் வீட்டுக் கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து போட்டது. ஆனாலும் நான் எதையாவது தட்டிக்கொண்டிருந்தால் ஓரடி தள்ளி நின்றுகொள்வார். நான் தப்பாகத் தட்டுவது அவருக்கு நன்றாகத் தெரியும். உதடு துடிக்கும், கண் அந்த இடத்திலேயே நிற்கும். கை மட்டும் முன்னால் வராது.

"எங்கே தப்புன்னு சொல்லித் தொலைங்களேன் சாமி," என்பேன்.

"ஏழாவது வரி. நீங்களே பாருங்க மேடம்."

பார்ப்பேன். ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். அவர் எட்டித் தட்டியிருந்தால் அரை நொடி வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பொறுமை எப்போதும் குறைவு, அவருக்கு அது தேவைக்கு மேல் இருந்தது.

பெயர் சொல்லப் போவதில்லை. ஊரில் எல்லோரும் அவரை மடப்பள்ளி சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்தணி மலைமேல் நைவேத்தியம் சமைக்கிற குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்தக் குடும்பங்களுக்குள் முறை உண்டு. மாதத்தில் இத்தனை நாள் இன்னார் சமைக்க வேண்டும் என்று தாத்தா காலத்திலேயே பிரித்து வைத்தது. தன் முறை வரும் நாட்களில் ஈரவேட்டியோடு மலை ஏறிவிடுவார். மற்ற நாட்களில் அடிவாரத்தில், படிக்கட்டு ஆரம்பிக்கிற தெருவில், ஜெராக்ஸ் கடை. அதிலேயே இரண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆசை அது. கோடு போட்ட சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக, அட்டை கிழிந்த ஒரு புரோகிராமிங் புத்தகத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். அப்பா திருத்தணியில் வீடு எடுத்து எங்களைப் படிக்க வைத்தார். நான் தினமும் காலையில் மின்சார ரயிலேறி சென்னைக்குப் போய், ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவேன். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர் கடை. எங்களுக்குள் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம் இருக்கும். வேலையில் நான் பெரியவள் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது. அவருக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் புரோகிராம் பிறந்தது தயிரால். மலைமேல் தயிர்சாதத்துக்கான தயிர் கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து காலைப் பேருந்தில் கேனில் வரும். நடுவில் ஒரு தரைப்பாலம். மேலே ஆந்திரப் பக்கம் அணையைத் திறந்தால் தரைப்பாலம் முழுகும், பேருந்து வராது, தயிரும் வராது. அந்த அணைக்காரர்கள் தினமும் தண்ணீர்க் கணக்கை இன்டர்நெட்டில் போடுகிறார்கள் என்று இவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். எவ்வளவு வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று ஒரு அட்டவணை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நம் டெலிபோன் லைனில் அந்த இன்டர்நெட் பக்கம் திறப்பதற்குள் சாதம் வெந்துவிடும். அதனால் படம், பூ வேலை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வெளியேறும் தண்ணீர் எத்தனை கன அடி என்கிற ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வர ஏதோ எழுதி வைத்திருந்தார்.

அதைப் பார்த்து நான் சிரித்தேன். ஆறு வரியில் முடிகிறதை அறுபது வரியில் எழுதியிருந்தார். உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். இரண்டு மணி நேரம் பின்னால் கைகட்டி நின்றார். முடித்ததும், "இதை வெளியே வெச்சிடலாம் சாமி. ஓப்பன் சோர்ஸ். யார் வேணா எடுத்துக்கலாம், திருத்தலாம், வேற ஆத்துக்குக்கூட வெச்சிக்கலாம்," என்றேன்.

"எடுத்துக்கறது சரி. திருத்தறதுன்னா எத்தனை பேர் கை வைப்பாங்க?"

"எத்தனை பேர் வேணா."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்போ முறை வெச்சிக்கணும்," என்றார்.

உலகத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஒரு வாரம் அவர் முறை, ஒரு வாரம் என் முறை. திங்கட்கிழமை காலையில் மாற்றம். யார் முறையோ அவர்தான் பொதுவில் வைத்த பிரதியில் கை வைக்கலாம். மற்றவருக்கும் பாஸ்வேர்டு தெரியும், ஆனால் தொடக்கூடாது. தன் முறை முடிந்ததும் எனக்கு ஒரு மின்னஞ்சல் போடுவார். அதில் ஒரே வரி இருக்கும்: "கை எடுத்துட்டேன்." மடப்பள்ளியில் ஒருவர் துடுப்பைக் கீழே வைக்கும்போது அப்படிச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டுமாம். அதற்கப்புறம்தான் அடுத்தவர் அந்த உருளியைத் தொடலாம்.

தன் மலை முறையும் இந்த முறையும் ஒரே வாரத்தில் வந்தால் முன்கூட்டியே எழுதிவிடுவார். "வெள்ளி வரைக்கும் மேலே இருப்பேன். நீங்க பாத்துக்கோங்க. கை எடுத்துட்டேன்." ஒருமுறைகூட மறந்ததில்லை.

ஒரு தடவை எங்கேயோ குளிர்தேசத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் புரோகிராமை எடுத்து தன் ஊர் ஆற்றுக்கு மாற்றிக்கொண்டு, அதில் இருந்த ஒரு பிழையையும் திருத்தி எங்களுக்கு அனுப்பியிருந்தார். நல்ல திருத்தம். நான் குதித்தேன். சாமி அவருக்குத் தன் ஆங்கிலத்தில் பதில் எழுதினார்: மிக்க நன்றி, உங்கள் முறை இன்னும் மூன்று வாரம் கழித்து வருகிறது, அப்போது தயவுசெய்து அனுப்பவும். எனக்கு மானம் போயிற்று. ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்த மனுஷர் மூன்று வாரம் காத்திருந்து, சரியாகத் திங்கட்கிழமை அனுப்பினார். கடைசியில் கை எடுத்துவிட்டதாக ஒரு வரியும் எழுதியிருந்தார். சாமி அதைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

இனி பாவாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பாவா அந்தத் தயிர் ஊர்க்காரர், விசைத்தறி வைத்திருந்தவர். சொந்தம் என்று பார்த்தால் சுற்றி வளைத்துத்தான் வரும், ஆனால் வீட்டில் தெலுங்கு பேசுகிற எங்கள் ஜனம் என்பதால் எனக்கு பாவா, அத்தான் முறை. அவர் என்னை "மரதலு" என்பார், மச்சினிச்சி என்று அர்த்தம். அந்த உரிமையில் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வார். வாரத்தில் இரண்டு நாள் மொபெட்டில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு தரைப்பாலத்தைத் தாண்டித் திருத்தணிக்கு வந்து, கடையில் சேலையை இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றுகொண்டே டீ குடித்துவிட்டுப் போவார்.

"என்னா மரதலு, ஆறு இன்னா சொல்லுது? வூட்டுக்குப் போவலாமா, இல்ல சாமி வூட்லயே படுத்துக்கினு கெடக்கணுமா?"

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ஊரில் எஸ்.டி.டி. பூத் நடத்தினார். சாமி தன் பழைய கம்ப்யூட்டரை அந்த பூத்தில் கொண்டுபோய் வைத்து, திரையில் "ஆறு" என்று ஒரு சின்னப் படம் போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் அக்கா அதை இரண்டு தட்டு தட்டுவார். லைன் கீச்கீச்சென்று கத்தும். பொதுவில் இருக்கும் புதிய பிரதியை அது தானாக எடுத்துக்கொண்டு, அணைக்காரர்களின் பக்கத்தைப் பார்த்து, ஒரே ஒரு எண்ணைக் காட்டும். அக்கா அதை பூத் வாசலில் உள்ள போர்டில் சாக்பீஸால் எழுதுவார். அந்தப் பக்கத்து ஜனம் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றங்கரைக்குப் போகும். சாமி கடை வாசலிலும் அப்படி ஒரு போர்டு உண்டு. அணையைத் திறந்தால் தரைப்பாலத்துக்குத் தண்ணீர் வந்துசேர மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். இது எந்த இன்டர்நெட்டிலும் இல்லாத விஷயம். நாலைந்து மழைக்கு அக்காவை போன் பண்ணச் சொல்லி சாமியே கணக்குப் பார்த்து வைத்தது.

ஒரு வாரம், அவர் முறையில், அணைக்காரர்கள் நீர்மட்டத்தை அடியில் போடுவதை விட்டுவிட்டு மீட்டரில் போட ஆரம்பித்தார்கள். அப்போது எங்கள் புரோகிராம் நீர்மட்டத்தையும் காட்டிக்கொண்டிருந்தது. நான் ஆபீஸில் இருந்தபடி பார்த்தேன். இதற்குப் போய் என்ன அனுமதி என்று மீட்டரை அடியாக்குகிற ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். அதே சமயம் திருத்தணியில் அவரும் சேர்த்திருக்கிறார், வேறொரு இடத்தில், வேறொரு விதமாக. மீட்டர் அடியாகி, அந்த அடி மறுபடியும் அடியாகி, அணை மலை உயரத்துக்கு எழும்பிவிட்டது. அக்கா இருக்கிற எண்ணை அப்படியே எழுதி வைத்தார். பாவா அன்று ஊரைவிட்டு வரவே இல்லை. மறுநாள் வந்து கடை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"சாமி, ஊரையே முழுகடிச்சிட்டீங்களே! எம் பொண்டாட்டி ஆட்டுக்குட்டிய எல்லாம் மாடிக்கி ஏத்திகினு கீறா!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒரு வாரம் கழித்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"மேலே நைவேத்தியத்தை நாங்க ருசி பாக்கக்கூடாது மேடம். சுவாமிக்கு ஆகற வரைக்கும் நாக்குல வைக்க முடியாது. உப்பு போட்டாச்சா இல்லையான்னு போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொருத்தன் நல்லது செய்யறேன்னு அவனும் ஒரு கை போட்டான்னா, அது சுவாமி முன்னாடி போய், ஜனங்க வாயில போற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் கை எடுக்கறதைச் சொல்றது."

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை அதை அவருடைய மடிசஞ்சித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் முறையில் நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை அவர் முறை.

ஐப்பசி மழை. ஆந்திரப் பக்கம் இரண்டு நாளாகக் கொட்டுகிறது என்று ரயிலில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்ததும், ஒன்பதரை இருக்கும், எங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். வெளியேற்றம்: சைபர். இவ்வளவு மழைக்கு சைபரா என்று அணைக்காரர்களின் பக்கத்தையே திறந்தேன். ஒன்பது மணிக்கு ஷட்டர்களைத் திறந்துவிட்டதாகப் போட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் கன அடி. அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி முளைத்திருந்தது, நேற்றைய வெளியேற்றம் என்று. எங்கள் புரோகிராம் எப்போதும்போல் மூன்றாவது பத்தியை எடுத்தது. ஆனால் மூன்றாவதாக இப்போது இருந்தது நேற்றைய எண். இன்றையது நான்காவதுக்குத் தள்ளிப் போயிருந்தது.

மூன்றை நான்காக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பொதுப் பிரதியைத் திறந்தேன். அந்த மூன்றின் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. சாமி இதைப் பார்க்காமல் இருக்கமாட்டார் என்று தோன்றியது. இந்நேரம் திருத்திக்கொண்டிருப்பார். அவர் நான் எழுதிய எண்ணைத் தொடமாட்டார், முன்னால் ஒரு பத்தியைத் தாண்டச் சொல்லி ஒரு வரி சேர்ப்பார். அவர் வழக்கம் அது. நானும் மூன்றை நான்காக்கினால் புரோகிராம் ஐந்தாவது பத்திக்குப் போய்விடும், மழையளவைத் தண்ணீர் என்று காட்டும். இரண்டு பேர் உப்பு. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சாமி, மூணை நாலாக்கணும். உங்க முறை. ஆக்கிட்டீங்களா, நான் ஆக்கட்டுமா?" என்று மின்னஞ்சல் போட்டேன். கடைக்கும் அவர் செல்லுக்கும் போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிபனுக்குப் போயிருப்பார். பத்தேகாலுக்கு மறுபடியும். பதினொன்றுக்கு மறுபடியும். அக்காவின் பூத் எண் என்னிடம் இல்லை, அது சாமி கடைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேட்டு வாங்கியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு பதினொன்றரைக்கு ஒரு மீட்டிங் இருந்தது, போய் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

சாமி டிபனுக்குப் போகவில்லை. அன்று மலைமேல் சமைக்க வேண்டிய வேறொரு குடும்பத்தில் விடியற்காலையில் ஒரு சாவு. அவர்களுக்குத் தீட்டு, மடப்பள்ளிக்குள் வரமுடியாது. ஆள் வந்து கதவைத் தட்டி, குளித்தவரை அப்படியே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையைத் திறக்கவில்லை. எனக்கு எழுத அவருக்கு நேரமில்லை. செல்போன் வீட்டு அலமாரியில் இருந்தது, அது மடப்பள்ளி வாசலைக்கூடத் தாண்டக்கூடாது. உச்சிக்கால நைவேத்தியம் முடிந்து அவர் படியிறங்கி வந்தபோது மணி இரண்டரை.

பாவா அன்று எட்டு மணிக்கே ஊரைவிட்டு வந்தவர். சேலையை இறக்கிவிட்டு வந்தால் சாமி கடை பூட்டிக் கிடக்கிறது. போர்டு வெறுமையாக இருக்கிறது. வானம் இருட்டிக்கொண்டு வர, பதினொன்றரைக்கு வேறொரு பூத்திலிருந்து அக்காவை அழைத்திருக்கிறார். அக்கா இன்னொரு லைனில் மறுபடியும் "ஆறை"த் தட்டினார். சைபர். "ஒண்ணியும் இல்ல, வந்துடு," என்றார்.

அவர் தரைப்பாலத்துக்கு வந்தபோது கணுக்காலுக்குத் தண்ணீர் ஓடியது. இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. போகாதே என்று சிலர் சொன்னார்களாம். அங்கே நின்றவர்கள் பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேல தொறக்கல நைனா. இப்பத்தான் வூட்ல கேட்டேன், சைபர். இது மழத்தண்ணி, இத்தோட அடங்கிடும்," என்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாதிப் பாலத்தில் இருந்தபோது மேலேயிருந்து வெள்ளம் வந்தது.

மொபெட் அன்று மாலையே கிடைத்தது. அவர் மூன்றாம் நாள், ரொம்ப தூரம் தள்ளி, சீமைக்கருவேல முள்ளில்.

பதினாறாம் நாள் நானும் சாமியும் பேருந்தில் போனோம். தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்து மணல் தெரிந்தது. அவர் என் மின்னஞ்சலைப் பார்த்திருந்தார், அதில் மணி போட்டிருக்கும்.

அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டார். தறிகள் நின்றிருந்தன. அழுது முடித்த முகம். சாமியைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"சாமி, அன்னிக்கி ரெண்டு தபா பாத்தேன். காலைல ஒரு தபா, அவரு போன் பண்ணப்ப ஒரு தபா. ரெண்டு தபாவும் சைபருன்னுதான் காட்டிச்சி. நான்தான் தப்பா பாத்துட்டனா? வந்துடுன்னு நான்தான சொன்னேன்?"

"நீ தப்பா பாக்கலைம்மா. அது சைபர்னுதான் காட்டிச்சு. புரோகிராம் தப்பு."

"அது தப்புன்னு ஒருத்தருக்குங்கூடவா தெரியல?"

எனக்கு வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. என்ன சொல்ல? ஒன்பதரைக்கே தெரியும் அக்கா, பாவா இன்னும் திருத்தணியில் இருக்கும்போதே தெரியும், ஒரு எண்ணை மாற்றியிருந்தால் போதும், நான் காத்திருந்தேன் என்றா? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. பயமாக இருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

சாமிதான் பேசினார். "அது என் முறைம்மா. நான் பாத்திருக்கணும். பாக்கலை."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மணிக்கட்டில் வளையல் அழுத்தி வலித்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். "ஏன் சாமி அப்படிச் சொன்னீங்க? நீங்க மலைமேல இருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தது."

"என் முறைதானே மேடம்," என்றார். யோசித்துச் சொல்வதுபோல் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். "எனக்கு ஒரு நிமிஷம் கிடைச்சிருந்தா உங்களுக்கு எழுதியிருப்பேன். எழுதாம மேலே போனது நான்."

"நான் கை வெச்சிருக்கலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க," என்றார்.

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை, போயும் போயும் இதற்கா என் முறை பார்த்தாய் என்று. திட்டியிருந்தால் அன்றே அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். போயிருப்பேனா தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தப் புதன்கிழமை மாலையே மூன்றை நான்காக்கியிருந்தார், என் எண்ணையே தொட்டு, தன் வழக்கத்துக்கு மாறாக. கீழே அதே வரி: "கை எடுத்துட்டேன்." அதற்கடுத்த திங்கட்கிழமை என் வாரம் முடிந்து நான் எழுதியபோது பதில் இல்லை. அடுத்த முறையும் இல்லை. அவர் முறை வந்து வந்து போயிற்று, அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போனால் டீ வாங்கிக் கொடுப்பார், மழையைப் பற்றிப் பேசமாட்டார். வாசலில் இருந்த போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "சாமி கணக்கை நம்பித்தான் அந்தத் தறிக்காரன் போனான்," என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. அவர் ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு ஜெராக்ஸ் மட்டும் வைத்துக்கொண்டார். தன் முறை வந்தால் மலை ஏறினார், இறங்கினார்.

அடுத்த வருஷம் மழை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பூத் திறந்திருந்தது. பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்தி ஓரத்தில் இருந்தது. வாசல் போர்டைத் துடைத்துக் கறுப்பு பூசி வைத்திருந்தார்.

"மறுபடியும் எழுதலாம்னு கீறேன் பாப்பா," என்றார் அக்கா. "ஜனங்க வந்து வந்து கேக்குது. சாமி நல்ல மனுசன்தான், அவர நான் கொற சொல்லல. ஆனா அவரு பாக்கறாருன்னு நம்பி இனிமே என்னால சாக்பீஸ எடுக்க முடியாது. நீதான இப்ப பாத்துகினு கீற?"

தலையாட்டினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது போதும். நீ பாத்தீன்னா உடனே சொல்லிடுவ."

"ஆங் அக்கா," என்றேன்.